சைகோன் வெள்ளியும் பிரிக்காத பொட்டலமும்

எங்கள் தாத்தா சைகோனில் குமாஸ்தாவாக இருந்தவர். புதுச்சேரிக்குத் திரும்பும்போது கொண்டுவந்த வெள்ளிக் காசுகளில் ஒன்றே ஒன்று ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில் வெகுகாலம் இருந்தது. உள்ளங்கையை நிறைக்கும் காசு. ஆயா தூங்கும்போது அக்காவும் நானும் அதை எடுத்துத் திண்ணைக் கல்லில் தட்டி ஓசை கேட்போம். 1968-ல் அக்காவின் கல்யாணச் செலவுக்காக அதுவும் வெள்ளிக் கடைக்குப் போய்விட்டது. அக்காவுக்கு இது பிறகுதான் தெரியும். இப்போது எண்பதை நெருங்குகிறாள். இன்றும் பேச்சுவாக்கில் அந்தக் காசு வந்துவிடும்.

அவள் பிறந்தநாளுக்கு அதேபோல் ஒன்று வாங்கித் தரலாம் என்று எனக்கு ஆசை வந்தது. அதன் விளைவாக நான் ஏமாந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன் அந்தக் காசின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அதன் பெயர் ‘பியாஸ்த்ர் த கொமேர்ஸ்’, அதாவது வாணிபப் பியாஸ்த்ர். பிரெஞ்சு இந்தோசீனாவுக்காக 1885 முதல் 1928 வரை வெளிவந்தது. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் சுதந்திர தேவி. மறுபக்கம் ‘தித்ர் 0,900 – புவா 27’ என்று தரமும் எடையும் எழுதியிருக்கும். ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, எடை 27 கிராம் என்று பொருள். தன் எடையைத் தானே சொல்லும் காசு அது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த வரியை வாசிக்கத் தெரியும். வாசித்தும் புத்தி வரவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் இதன் எடை 27.215 கிராம். அப்போது கிழக்கே எங்கும் புழங்கியது மெக்சிகோ டாலர். பியாஸ்த்ரில் அதைவிட ஒரு துளி வெள்ளி கூடுதல். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? கனமானதைப் பதுக்கிக்கொண்டு, இளைத்ததைக் கடைத்தெருவில் செலவழித்தார்கள். புதுக் காசு வந்த வேகத்தில் மறைந்தது. அதனால்தான் 1895-ல் எடையை 27 கிராமாகக் குறைத்தார்கள். நல்ல காசை உள்ளே வைத்துக்கொண்டு மட்டமானதை வெளியே தள்ளுவது மனித சுபாவம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நம் ஊருக்கும் சைகோனுக்கும் இருந்த உறவு பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்தோசீனா வங்கி 1875-ல் தொடங்கப்பட்டபோதே சைகோன், புதுச்சேரி இரண்டு ஊர்களும் அதன் கணக்கில் இருந்தன. நம்மவர்கள் அங்கே குமாஸ்தாவாகவும் போலீசாகவும் சொல்தாவாகவும் போனார்கள். ஆகவே ‘பழைய புதுச்சேரிக் குடும்பத்துச் சேமிப்பு’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது.

இணையத்தில் ஒருவர் ‘தாத்தாவின் பெட்டி, தரம் பிரிக்காதது, அரைக் கிலோ வெளிநாட்டு நாணயங்கள்’ என்று போட்டிருந்தார். விலை 2,800 ரூபாய். புகைப்படத்தில் காசுக் குவியல், அதன் ஓரத்தில் மூன்று பியாஸ்த்ர்கள் பாதி தெரிந்தன. மீதியைப் பொட்டலம் பிரித்தால்தான் பார்க்கலாம். ‘உள்ளே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

அப்போதே நான் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒரு பியாஸ்த்ரில் சுத்த வெள்ளி 24.3 கிராம். மூன்றுக்கும் சேர்த்து 72.9 கிராம். அன்றைய வெள்ளி விலைக்கு அதுவே 2,800-ஐத் தாண்டும். வெள்ளி விலைக்கும் கீழே வெள்ளியை விற்பவன் தருமவானாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வெள்ளியே அல்ல. சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஊரார் பில்களைச் சரிபார்த்தவன், என் பில்லைச் சரிபார்க்கவில்லை.

பொட்டலம் வந்தது. பிரித்தேன். முக்கால் பங்கு நம் அலுமினியப் பத்துப் பைசாவும் இருபது பைசாவும். கொஞ்சம் பிரெஞ்சு சந்தீம்கள். கூடவே ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ஓரணா’ என்று எழுதி ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ஒரு செம்புக் காசு. பிறகு அந்த மூன்று பியாஸ்த்ர்கள்.

ராமர் காசைப் பற்றி இரண்டு வார்த்தை. இது இன்று பல ஊர்களில் ‘அதிர்ஷ்டக் காசு’, ‘அரிசியை இழுக்கும் காசு’ என்றெல்லாம் கதை கட்டி விற்கப்படுகிறது. கம்பெனி தெய்வ உருவமே பொறித்ததில்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் அடித்த நட்சத்திர வராகனில் விஷ்ணு உருவம் உண்டு. அந்த உண்மையின் நிழலில்தான் பொய் நிற்கிறது. ஆனால் 1835-ல் நாடு முழுவதற்குமாக வந்த செம்புக் காசுகளில் பெரியதே அரையணாதான். ஓரணா நாணயம் பொதுப் புழக்கத்துக்கு வந்தது 1907-ல். கம்பெனி ஆட்சி முடிந்து அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

பியாஸ்த்ர்களைத் தராசில் வைத்தேன். 22 கிராம், 22 கிராம், 21 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் இளைக்கும், ஐந்து கிராம் இளைக்காது. காந்தத்தைக் காட்டினேன். மூன்றும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. வெள்ளியைக் காந்தம் இழுக்காது.

இந்தப் ‘பிரிக்காத பொட்டலம்’ வியாபாரத்தின் சூட்சுமம் அப்போதுதான் விளங்கியது. விற்பவர் பிரிக்கவில்லை என்பது பொய். அவர் பிரித்து, பார்த்து, நல்லதைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மீண்டும் கட்டுகிறார். சைகோன் வியாபாரி செய்த அதே வேலைதான். புகைப்பட ஓரத்தில் தெரிவது தூண்டில் புழு. வாங்குபவர் பணம் கொடுப்பது காசுக்கு அல்ல, ‘ஒருவேளை இருந்தால்?’ என்ற நினைப்புக்கு.

போலிக் காசு இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மனியில் பெக்கர் என்று ஒருவர், 1830-ல் இறந்தவர், கிரேக்க, ரோமானியக் காசுகளைப் போலவே அச்சு வெட்டி அடித்தார். புதுப் பளபளப்புப் போவதற்காக அவற்றை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு, வண்டியில் கட்டி ஊர் சுற்றுவாராம். நம் பக்கத்திலோ சங்க காலத்திலேயே காசு சோதிப்பவருக்கு ‘வண்ணக்கன்’ என்று பெயர். அந்தப் பட்டம் தாங்கிய புலவர்களும் உண்டு. போலி இருந்ததால்தானே சோதகர் தேவைப்பட்டார்?

நம் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சின்ன மின்தராசில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். உண்மையான பியாஸ்த்ருக்குத் தராசு 2.6 கிராம் அளவு காட்டும். 27-ஐ அதனால் வகுத்தால் சுமார் 10.3. வெள்ளிக் காசின் அடர்த்தி அதுதான். பித்தளை என்றால் எட்டரைக்குப் பக்கத்தில் நின்றுவிடும். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம், எடையும் இரு பக்கப் படமும் தராதவரிடம் வாங்காதீர்கள்.

விற்பவர்களுக்கும் வலை உண்டு. ‘உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள்’ என்று ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கி அப்படி வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிவித்தது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பிரான்சில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொன்று: நூறு வருஷம் தாண்டிய காசைத் தபாலில் அனுப்பிவைக்காதீர்கள். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும்.

போலி என்று தெரிந்தும் பொட்டலத்தை அக்காவிடம் எடுத்துப் போனேன். மறைக்க மனம் வரவில்லை. ஒரு பியாஸ்த்ரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாசல்படிக் கல்லில் தட்டினாள்.

“இது பாடலையே தம்பி. ஆயா காசு பாடும்.”

தராசும் காந்தமும் சொன்னதை அவள் காது ஒரே தட்டில் சொல்லிவிட்டது. எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன். திட்டவில்லை. குவியலை விரலால் கிளறிக்கொண்டே இருந்தவள், தாமரைப்பூ போட்ட பித்தளை நிற இருபது பைசா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வருஷத்தைப் பார்த்தாள். 1968.

“இது நெசந்தானே?”

“நெசந்தான்க்கா. ஆனா பெருசா விலை இல்ல.”

“எங்க கல்யாண வருஷம்டா” என்று சொல்லி, அதை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.