சுருளில் இல்லாத கல்யாணங்கள்

படச்சுருள் மறுபடி மோஸ்தராகிவிட்டது. பெருநகரத்து இளைஞர்கள் 36 படம் பிடிக்கும் ரோலை விலை கொடுத்து வாங்கி, கழுவி வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். செல்பேசிச் செயலிகளோ சூப்பர் 8 படத்தின் கீறலையும் நடுக்கத்தையும் எந்தக் காட்சியின் மேலும் தூவிக் கொடுக்கின்றன. அந்த நடுக்கத்தைக் கண்டதும் 'பழைய குடும்பப் படம்' என்று மனம் உருகுகிறது. யாருடைய குடும்பம் என்று கேட்டால்தான் சிக்கல். எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் என்று விரியும் சமவெளியில் தறியையும் காட்டையும் நம்பிப் பிழைத்த குடும்பங்களில் சூப்பர் 8 சுருளுக்குள் போனவை அநேகமாக இல்லை. இந்த ஊர்களின் அனலாக் காலம் இரண்டு இடங்களில் கிடக்கிறது: கடைவீதி ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டியில் ஒன்று, பீரோவின் மேல்தட்டில் தூசி படிந்த கல்யாணக் கேசட்டில் இன்னொன்று. பழைய படத்தை ரசிக்க விரும்புகிறவர் இரவல் ஏக்கத்தை விட்டுவிட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

படச்சுருள் இந்த மண்ணுக்கு அந்நியமாக இருந்ததால் இப்படி ஆகவில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் ராயக்கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் எடுத்து, சேலம் மாவட்டத்தின் பெயரிலேயே 1858-ல் ஒரு தொகுப்பாக்கினார். (ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம்.) 1935-ல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் அந்த நிறுவனத்தின் தயாரிப்புகள். ஆனால் 'பாலன்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது. மிஞ்சியவை சில ஸ்டில்கள். ஓடிய படம் போய், ஓடாத படம் நின்ற கதை இது.

இத்தனை சினிமா எடுத்த ஊரில் வீட்டுக்குள் ஏன் சினிமா கேமரா நுழையவில்லை? கோடாக் நிறுவனம் அமெச்சூர்களுக்காக 16 மி.மீ. சுருளை 1923-லும், 8 மி.மீ. சுருளை 1932-லும், சூப்பர் 8 பெட்டியை 1965-லும் கொண்டுவந்தது. சூப்பர் 8 பெட்டி ஒன்றில் இருப்பது 50 அடி. வழக்கமான வேகத்தில் 3 நிமிடம் 20 விநாடி ஓடும். அதற்குக் கேமரா, புரொஜெக்டர், திரை, சுருளைக் கழுவ ஓர் ஆய்வகம் என்று வரிசையாகச் செலவு. இங்கே கச்சா பிலிமுக்கு எப்போதும் பஞ்சம். இரண்டாம் உலகப் போரின்போது முழுநீளப் படங்களே 11,000 அடிக்குள் முடிய வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு வைத்தது. விடுதலைக்குப் பிறகும் இறக்குமதி லைசென்சை நம்பித்தான் பிழைப்பு. இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க 1960-ல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தி தொடங்கியது. அதன் 'இந்து' பிலிம் ஸ்டுடியோக்களுக்கும், எக்ஸ்ரே பிலிம் மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஏற்காட்டுத் தோட்ட முதலாளிகளிடமும் ஆலை அதிபர்களிடமும் 8 மி.மீ. கேமரா இருந்திருக்குமே என்று கேட்கலாம். இருந்திருக்கும். மலைமேல் பங்களாவில் ஓடிய அந்தச் சுருளைச் சமவெளியின் நினைவு என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சமவெளியின் நினைவைக் காத்தது ஸ்டுடியோ. வரைந்த திரைச்சீலை, தூண் வைத்த கைப்பிடிச் சுவர், மரக் குதிரை, பின்னால் சிவப்பு விளக்கு எரியும் டார்க் ரூம். படமெடுப்பவர் கலைஞர், ரசாயனக்காரர், முகத்தில் அம்மைத் தழும்பிருந்தால் நெகட்டிவிலேயே கூரிய பென்சிலால் மறைத்துவிடும் கருணையாளர், எல்லாம் ஒருவரே. திரட்டிச் சீர் முடிந்த பெண்ணின் பூ வைத்துத் தைத்த ஜடை வீணாகப் போகலாமா? பின்னால் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழச் செய்தார்கள். ஒளியியல் பாடம் எதுவும் படிக்காமல் கடைவீதி கண்டுபிடித்த தீர்வு அது. இறந்தவரை நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து, உறவினர் சூழ நிற்க எடுத்த படங்களும் உண்டு. பலருக்கு அதுதான் முதலும் கடைசியுமான படம். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்கள் வசதியுள்ள வீடுகளுக்கு வந்தபோதும் ரோலுக்கு 12 படம்தான், கழுவ மறுபடி ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும். இந்த நெகட்டிவ்களுக்கு நேர்ந்த கதி சொல்லத் தரமன்று. கலர் வந்து, பிறகு டிஜிட்டல் வந்து கடைகள் மூடியபோது, பூச்சில் உள்ள வெள்ளிக்காகவே அவற்றை எடைக்குப் போட்டார்கள். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் எந்தப் பாட்டியின் முகம் எந்தப் பேத்தியின் காலில் ஒலிக்கிறதோ! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப்போய், 1980 வரையிலான படங்களை மின்பிரதி எடுத்தார்கள். அந்த வேலை பல கடைகளுக்குத் தாமதமாகவே வந்தது.

வீட்டுப் படம் என்பது இந்த ஊர்களுக்கு வீடியோவாகவே வந்தது. ஜப்பானில் 1976-ல் பிறந்த வி.எச்.எஸ். கேசட், 1982-ல் கலர் தொலைக்காட்சி இந்தியாவுக்கு வந்தபிறகு இங்கே வேர்விட்டது. 3 மணி நேரம் ஓடும் ஒரு கேசட் சூப்பர் 8 பெட்டிகள் ஐம்பதுக்கும் மேலானவற்றுக்குச் சமம். வேண்டாமென்றால் அழித்து மறுபடி எடுக்கலாம். தோளில் கேமராவோடு ஒருவர், கண் கூசும் விளக்கோடு இன்னொருவர், இடையே நீண்ட ஒயர். இதைப் போய் அனலாக் அழகு என்பதா, சாயம் கசிந்த படம், இதய வடிவத்தில் மாப்பிள்ளை பெண், பின்னணியில் சினிமாப் பாட்டு, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று சுருள் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் காந்த நாடாவும் அனலாக்தான். ரசனையாகப் பார்த்தால், சூப்பர் 8 எடுப்பவர் மூன்று நிமிடத்துக்காகத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நம் வீடியோக்காரருக்கு அந்த அவசரம் இல்லை. பந்தியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒவ்வோர் இலையாக, ஒவ்வொரு முகமாக நகர்வார். வாயில் சோற்றோடு கூசிக் குனிபவர், கேமரா வருவதற்காகக் கையை நிறுத்திக் காத்திருப்பவர், மொய் எழுதும் மேசையில் நோட்டை எண்ணும் விரல்கள், தாய்மாமன் சீர்த்தட்டில் என்னென்ன இருந்தன என்பது, எல்லாம் வெட்டாமல் கிடைக்கின்றன. யாரும் எடுக்கத் திட்டமிடாத சமூக வரலாறு அது. யாரும் பொறுமையாக முழுதும் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

இன்னோர் ஆட்சேபம் உள்ளூரிலிருந்தே வரக்கூடும். தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடிக் காவடிக் குழு பழனிக்கு நடக்கிறது. மலைமேல் ஓரிரவு தங்கும் உரிமை அவர்களுக்குத் தலைமுறைகளாக உண்டு. அந்த நினைவைக் காத்தது பாதயாத்திரை, கேமரா அல்ல; படமில்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஆண்டுதோறும் திரும்பி வருவதற்கு இந்த வாதம் சரி. ஒரேயொரு முறை நடந்த கல்யாணத்துக்கும், இன்று இல்லாத ஒருத்தியின் நடைக்கும் குரலுக்கும் அது பொருந்தாது.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்பவர்கள் பாதி சரி. கேசட்டுக்கு வேறு வழியே இல்லை. நாடாவின் பூச்சு ஈரத்தில் பிசுபிசுத்து உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. அதோடு கண்ணால் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, ஓட்ட ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. நெகட்டிவின் கதை வேறு. மின்பிரதி எடுத்தபின்னும் மூலத்தை வைத்திருப்பதில் பொருளுண்டு. பெரிதாக்கவும் மறுபடி அச்சிடவும் அதில்தான் விவரம் மிச்சமிருக்கிறது. கருவியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், வெள்ளைக் கூந்தலும் கறுத்த மல்லிகையுமாக ஒரு பெண் கண்ணாடிக்கு முன்னால் நிற்பது தெரியும்.