வாப்பாவுக்குச் சத்தம் கேட்கிறது, பேச்சுதான் புரியவில்லை

"வாப்பாவுக்கு வேண்டியது மட்டும் நல்லாக் கேட்கும்" என்று நம் வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மகன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். உம்மா அடுப்படியிலிருந்து நான்கு முறை கேட்டாலும் பதில் இல்லை. டிவி சத்தம் தெருவரை வருகிறது. பேத்தி சொன்னதற்குச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார். இதற்கெல்லாம் பிடிவாதம், அலட்சியம், வயசான கோபம் என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் காதுக்குள்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதில் இருக்கும் சுமார் 15,000 நுண்மயிர் செல்கள்தான் ஒலியை நரம்புக்கு அனுப்புகின்றன. இவை அழிந்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. வயதாகும்போது முதலில் கெடுவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். பேச்சில் ஆ, ஓ போன்ற ஒலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வருபவை. அவை காதில் விழுந்துவிடும். ச, ஷ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் விழாது. 'காசு' என்றால் 'காது' என்று கேட்கும். சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. பெண்கள், குழந்தைகளின் குரல் சுருதி கூடியது என்பதால் அதுதான் முதலில் கைவிட்டுப் போகிறது. உம்மாவின் குரலுக்குப் பதில் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இதை அறியாமல் எத்தனை வீடுகளில் மனத்தாங்கல்!

கத்திப் பேசினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். சரியாவதில்லை. பாதிக்கப்பட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் பலத்த ஒலி மற்றவர்களுக்குப் போலவே, சில சமயம் அதைவிடவும் அதிகமாகக் குடையும். "ஏன் இப்படிக் கத்துறே?" என்று அவர் எரிந்து விழுவது அதனால்தான். முதலில் பெயர் சொல்லியோ "வாப்பா" என்று அழைத்தோ நம் பக்கம் பார்க்க வையுங்கள். வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி நின்று, வாயை மறைக்காமல், சற்று நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வதைவிட வேறு சொற்களில் சொல்வது பலன் தரும். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவரைச் சபையிலிருந்து எழுப்பி அனுப்பியது போலாகிவிடும். நோன்பு திறக்கும் நேரத்தில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேச, ஃபேன் ஓட, தட்டுகள் உரச, அவர் வாய் திறக்காமல் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார் என்றால் கவனியுங்கள். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கான மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளில் ஒன்றாகக் காது கேளாமையையும் சேர்த்திருக்கிறது.

நேராகக் கருவிக் கடைக்குப் போக வேண்டாம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். அடைத்திருப்பது வெறும் குறும்பியாக இருக்கலாம். செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் சீழ் என்று சிகிச்சையால் தீரக்கூடியதாகவும் இருக்கலாம். பட்ஸ் விட்டுக் குடைவதும் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் உள்ளதையும் கெடுக்கும். ஒன்றை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது: ஒரு காது ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். சளி அடைப்பு என்று வாரக்கணக்கில் காத்திருந்தால் ஸ்டீராய்டு மருந்து பலன் தரும் காலம் கடந்துவிடும். அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பரிசோதனைக்குப் பின் கருவி தேவை என்றால், ஆடியோகிராம் அளவுக்கு ஏற்பப் பொருத்தியதையே வாங்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஒலிபெருக்கிகள் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரிக் கூட்டுபவை. நல்ல கருவியும் முதல் சில வாரங்கள் எரிச்சலூட்டும். பல ஆண்டுகள் கேட்காதிருந்த பாத்திரச் சத்தமும் செருப்புச் சத்தமும் திடீரென்று வந்து மோதும். மூளை பழகக் காலம் வேண்டும். பல கருவிகள் மேசை டிராயருக்குப் போய்ச் சேர்வது இந்தக் கட்டத்தில்தான். முதலில் வீட்டுக்குள், அமைதியான அறையில், தினம் சில மணி நேரம் என்று தொடங்கச் சொல்லுங்கள்.

தொழுகையாளிகளுக்குச் சில செய்திகள். பெரும்பாலான கருவிகளுக்கு ஈரம் ஆகாது. ஒளூவுக்கு முன் கழற்றி ஒரு சிறு டப்பாவில் வைத்து, காதைத் துடைத்துக் காயவிட்டபின் மாட்டுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் பையுடன் மூடி வைத்தால் வியர்வை ஈரம் போகும். காதை இறுக்கி மூடும் தொப்பியோ ஹிஜாபோ பட்டால் கருவி விசில் அடிக்கும். காதோரம் சற்றுத் தளர்த்திக் கட்டினால் போதும். பெரிய பள்ளிகளில் ஒலிபெருக்கி எதிரொலியால் குத்பா புரிவதில்லை என்று மூத்தவர்கள் சொல்வது உண்மைதான். இமாமின் வாய் தெரியும்படி முன் ஸஃப்பில் அவர்களுக்கு இடம் விடலாம்.

தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காதொலிக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு அரசு மருத்துவர் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால்தான் மாற்றுத்திறனாளியாகக் கணக்கில் வரும். அதற்குக் குறைவாக உள்ளவர்கள் கருவியைச் சொந்தச் செலவில் வாங்க வேண்டியிருக்கலாம். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனை செய்துகொள்ள எந்த அட்டையும் தேவையில்லை.