புகையற்ற அடுப்பு: ஐதராபாத்து அடுப்பின் வரலாறும் ஒரு சொல்லின் பொறுப்பும்

முன்னுரை

ஐதராபாத்தின் பாலாநகர் எந்திரத் தொழிற்கூடங்களால் அறியப்பெறும் பகுதியாகும். மையக் கருவி வடிவமைப்பு நிறுவனம் 1968இல் அங்கு நிறுவப்பெற்றது. அதற்கு முன்னரே, 1950களின் தொடக்கத்தில், இந்நகரம் நாட்டிற்கு அளித்த வடிவமைப்பு ஒன்று உண்டு. அது இரும்பாலன்றிக் களிமண்ணால் ஆனது. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்த எஸ்.பி. இராஜு உருவாக்கிய விறகடுப்பே அது. அவ்வடுப்பின் வரலாற்றையும், அதற்கு வழங்கிய பெயர் ஏற்படுத்திய விளைவையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. அடுப்பைக் குறிக்கும் சொற்கள்

அடுதல் என்பது சமைத்தல். அடுப்பு, அடுக்களை ஆகியவை இவ்வடியினின்று தோன்றியவை. தமிழில் கொல்லனின் தீக்களத்தையும் சோற்றுக்கு வைக்கும் கொதிநீரையும் குறிக்கும் உலை, கன்னடத்தில் 'ஒலெ' என நின்று அடுப்பையே குறிக்கிறது. தெலுங்கர் 'பொய்யி' என்பர். இந்தி, உருது மொழிகளில் 'சூல்ஹா' என வழங்குவது வடமொழிச் 'சுல்லி'யோடு தொடர்புடையது. இதனைத் தமிழின் சுள்ளை, சூளை என்பவற்றோடு இணைத்துக் காணும் கருத்தும் மொழிநூலாரிடையே உண்டு.

பொருள்களின் அமைப்பையே பெயராக்குவது தமிழ் வழக்கு. முதன்மை அடுப்பின் தீ பக்கவாட்டில் படர்ந்து மற்றொரு கலத்தைச் சூடேற்றுவது கொடியடுப்பு. புகையை வெளியே செலுத்துவது புகைபோக்கி. இவ்விரு சொற்களும் தத்தம் பொருள் செய்யும் தொழிலுக்கு மேல் எதனையும் கூறுவதில்லை.

2. ஐதராபாத்து அடுப்பு

விறகடுப்பைச் சீர்திருத்தும் முயற்சி இராஜுவுக்கு முன்பே தொடங்கியது. வார்தாவின் மகன்வாடியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தார் 1940களில் 'மகன் அடுப்பை' உருவாக்கினர். இராஜுவின் நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. 'ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் தி மில்லியன்ஸ்' என்னும் அதன் தலைப்பைக் 'கோடிக்கணக்கானோர்க்குப் புகையற்ற அடுக்களைகள்' எனத் தமிழாக்கலாம்.

மரபான அடுப்பில் மூன்று குமிழ்கள் கலத்தைத் தாங்கும். அவற்றின் இடைவெளி வழியே தீயும் புகையும் அடுக்களைக்குள் பரவும். புதிய அடுப்பில் குமிழ்கள் இல்லை. கலம் வாயை மூடி அமர்கிறது. தீ மூடிய பாதையில் அடுத்தடுத்த கலங்களைச் சூடேற்றிச் செல்ல, புகை குழாய்வழிக் கூரைக்கு மேல் ஏறுகிறது. ஆயின், விறகு எரியுமிடத்துப் புகை தோன்றியே தீரும். அடுப்பு அதன் வழியை மாற்றியதேயன்றி அதனை இல்லாதாக்கவில்லை.

3. தேர்தலும் நிறுவுதலும்

ஆகவே இவ்வடுப்பின் பயன் மூன்றைச் சார்ந்தது. முதலாவது, கலத்தின் அளவு. வாய்க்குப் பொருந்தாத கலத்தை வைத்தால் இடைவெளிவழிப் புகை கசியும். எனவே அடுப்பைத் தேர்வதற்கு முன் வீட்டிலுள்ள கலங்களை அளத்தல் வேண்டும். இரண்டாவது, குழாய். அது கூரைக்கு மேல் போதிய அளவு உயராவிடின் காற்று புகையைத் திருப்பி அனுப்பும். கூரையைத் துளைக்குமிடத்தில் மழைநீர் இறங்காமலும் ஓலை தீப்பற்றாமலும் காத்தல் வேண்டும். மூன்றாவது, பராமரிப்பு. கரி படிந்த குழாயைத் துடைத்தலும் வெடித்த மண்ணைப் பூசுதலும் இடையறாத பணிகள்.

மைய அரசு 1983இல் தொடங்கிய தேசிய அடுப்புத் திட்டத்தின்கீழ் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நிறுவப்பெற்றன. அத்திட்டம் 2002இல் கைவிடப்பட்டது. பின்னர் ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நிகழ்த்தி 2016இல் இதழில் வெளியிட்ட ஆய்வு காரணத்தை உணர்த்துகிறது. முதலாண்டில் சமைப்போர் உள்ளிழுத்த புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. அடுப்புகள் முறையாகப் பயன்படுத்தப்படாமையும் பராமரிக்கப்படாமையுமே காரணங்கள்.

4. பெயரும் பெயர்ப்பும்

ஆங்கிலத் தொடர் இந்தியில் 'நிர்தூம் சூல்ஹா', தெலுங்கில் 'பொகலேனி பொய்யி', தமிழில் 'புகையில்லா அடுப்பு' என ஆயிற்று. புகை, பொக என்பன ஓரினச் சொற்கள். சொல்லுக்குச் சொல் நோக்கின் இப்பெயர்ப்புகளில் பிழையில்லை. ஆயின், மூலத்தின் மிகைக்கூற்று இவற்றிலும் அவ்வாறே தங்கிவிட்டது. புகை இல்லை என்று கேட்டு நிறுவியவர், குழாயைத் துடைக்கும் கடமையைப் பெயரில் காண இயலாது.

அரசு பின்னர் ஆண்ட 'உன்னத் சூல்ஹா' என்பதிலும் இடர் உண்டு. இந்தியில் 'உன்னத்' மேம்பட்டது எனப் பொருள்படும். தமிழில் 'உன்னதம்' மிக உயர்ந்ததைச் சுட்டும். 'உன்னத அடுப்பு' எனப் பெயர்ப்பின் மிகை மேலும் பெருகும்.

முடிவுரை

'புகைபோக்கி அடுப்பு' என்னும் பெயர் ஏற்புடையது எனலாம். புகை உண்டு, அதனைப் போக்க வேண்டும், போக்கும் உறுப்பைக் காக்க வேண்டும் என்னும் மூன்றையும் அது உணர்த்தும். எரிவளி இணைப்புகள் 2016க்குப் பின் பெருகியும், விறகைக் கைவிடாத அடுக்களைகள் பல உள. அவற்றில் நாள்தோறும் புகையை உள்ளிழுப்போர் பெரும்பாலும் பெண்டிர். தொழில்நுட்பச் சொல்லைப் பெயர்ப்போர் மூலச் சொல்லோடு பொருளின் செயற்பாட்டையும் ஆராய்தல் கடன் என்பதை ஐதராபாத்து அடுப்பின் வரலாறு புலப்படுத்துகிறது.