வைக்கோல் முதல் செம்பனை நார் வரை

மண்ணோடு வைக்கோலைப் பிசைந்து, வெயிலில் காய வைத்துக் கல் அறுக்கும் வழக்கம் பண்டை எகிப்தில் இருந்தது. நம் முன்னோரும் சுவருக்கு மண் குழைக்கையில் வைக்கோல் இட்டனர். காயும் மண் சுருங்கி வெடிக்கும். அவ்வெடிப்பு விரியாமல் நார் இழுத்துப் பிடிக்கும். இதுவே அதன் நுட்பம்.

சிமெண்டு வந்தபின் இவ்வெளிய முறை சிக்கலாயிற்று. சிமெண்டின் கடுங்காரம் ஈரத்தில் தாவர நாரை அரித்து நொறுங்கச் செய்யும். காரத்துக்கு அஞ்சாத கல்நாரை ஆஸ்திரிய நாட்டு லுட்விக் ஹாட்செக் கையாண்டார். 1901இல் அவர் காப்புரிமை பெற்ற கல்நார்த் தகடு உலகெங்கும் கூரையாயிற்று. ஆனால் அந்நார்த் தூசு நுரையீரலில் புற்றுநோயை விளைத்தது. சிமெண்டை வென்ற நார் மனிதனைக் கொன்றது! ஆஸ்திரேலியாவில் 1980களில் மரக்கூழ் நார் அதன் இடத்தைப் பெற்றது.

மலாயாவில் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வாணிகத்துக்கெனச் செம்பனை நடப்பட்டது. இன்று பழம் உதிர்த்த வெறுங்குலைகள் ஆலைகளில் குவிகின்றன. குலையின் எடையில் அவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவற்றின் நாரையும் தேங்காய் நாரையும் கான்கிரீட்டில் கலந்து ஆய்வாளர் சோதிக்கின்றனர். சிமெண்டில் ஒரு பகுதிக்கு ஈடாக உமிச்சாம்பல் சேர்த்தால் காரம் தணியும்; நாரின் ஆயுள் நீளும். இந்நார் இரும்புக் கம்பிக்கு ஈடாகாது. மக்கள் நடக்கும் பாதை போன்ற பளு குறைந்த பணிகளுக்கு ஏற்றது.

கழிவைப் பயனாக்கும் முயற்சி நன்று. ஆயினும் நாரின் வலிமையை மட்டும் கேட்டால் போதாது. சிமெண்டுக்குள் அது எத்தனை ஆண்டு நிலைக்கும், மனிதனுக்குத் தீங்கு செய்யாதா என்றும் கேட்க வேண்டும். கல்நார் வரலாறு கற்பிக்கும் பாடம் அதுவே.