பணம் வேண்டுமா? அப்படியென்றால் பேசக்கூடாது!

2009இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் ஐபாட் டச் கீழே விழுந்தது. உஸ்ஸென்று சத்தம் வந்தது, சூடும் ஏறியது. அவள் அப்பா அதை எடுத்துப் பின்வாசல் வழியாக வெளியே எறிந்தார். கொஞ்ச நேரத்தில் வெடித்துப் புகை கக்கியது.

பணத்தைத் திருப்பித் தருவதாக ஆப்பிள் நிறுவனம் கடிதம் அனுப்பியது. ஆனால் ஒரு நிபந்தனை: இந்த ஏற்பாட்டைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் வழக்கு வரலாம். அப்பா கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் 'டைம்ஸ்' நாளிதழில் செய்தி வந்தது, நமக்கும் தெரிந்தது.

ரகசிய ஒப்பந்தமே தப்பா? இல்லை. என் ஐடி வேலையில் அது சாதாரணம். வாடிக்கையாளரின் தகவல் வெளியே போகக்கூடாது அல்லவா? ஆனால் பேட்டரி வெடிப்பது தொழில் ரகசியம் இல்லை. அதே மாடலைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கும் இன்னொரு பிள்ளைக்குத் தெரிய வேண்டிய செய்தி அது. ஒரு கருவி வெடித்தால் விபத்து என்று விட்டுவிடலாம். பத்து வெடித்தால் தயாரிப்பிலேயே குறை. அந்தப் பத்துப் பேரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டால், யார் எண்ணிப் பார்ப்பது?

இங்கே அமீரகத்தில் 2006இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. ஆபத்தான குறை தெரிந்ததும் விற்பவர் அமைச்சகத்துக்கும் வாங்கியவர்களுக்கும் சொல்ல வேண்டும், பொருளைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2020இல் வந்த புதுச் சட்டத்திலும் இந்தக் கடமை இருக்கிறது.

வெளிப்படையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை 2016இல் பார்த்தோம். தீப்பிடித்த கேலக்ஸி நோட் 7 போன்களின் படங்களை மக்களே இணையத்தில் போட்டார்கள். செப்டம்பர் 2 அன்று சாம்சங், விற்ற சுமார் 25 லட்சம் போன்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடிக்க, அக்டோபர் 11 அன்று தயாரிப்பையே நிறுத்தியது. எமிரேட்ஸ் விமானங்களில் அந்த போனுக்குத் தடை வந்தது. பேட்டரிகளில்தான் குறை என்று 2017 ஜனவரியில் சாம்சங்கே விளக்கியது.

நாளைக்கு உங்கள் வீட்டுச் சார்ஜரோ போனோ புகைந்து, கடையில் பணம் திருப்பித் தரலாம். நீட்டும் காகிதத்தை அப்பா அம்மாவோடு சேர்ந்து முழுசாகப் படியுங்கள். 'பணம் பெற்றுக்கொண்டேன்' என்றிருந்தால் அது ரசீது. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்றிருந்தால் பேனாவை மூடிவிட்டு, ஏன் என்று கேளுங்கள்.