பவர் பேங்க் வாங்கப் போறீங்களா? எம்ஏஹெச் மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கினால், 5,000 எம்ஏஹெச் போனை இரண்டு முறை ஃபுல் சார்ஜ் செய்யலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் கிடைப்பதோ சுமார் ஒன்றரை முறைதான். ஏன் இப்படி?

கணக்கு எங்கே இடிக்குது?

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எம்ஏஹெச், உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் அளவு. அந்த செல்லின் வோல்டேஜ் 3.7. போனுக்கு வெளியே வருவதோ 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். இப்படி மாற்றும்போது கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகும். அதனால் 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க், 5 வோல்ட்டில் 6,000 சொச்சம்தான் தரும். 'ரேட்டட் கெபாசிட்டி' என்று சின்ன எழுத்தில் இருப்பது இதுதான். அதைப் பார்த்து வாங்குங்க.

வாட் ஹவர் எதுக்கு?

எம்ஏஹெச்சை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட் ஹவர். 10,000 எம்ஏஹெச் என்றால் 37. 20,000 என்றால் 74. விமானத்தில் 100 வாட் ஹவர் வரை கொண்டு போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் அனுமதி இல்லை. எந்த அளவாக இருந்தாலும் கைப்பையில்தான் வைக்கணும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. சரக்குப் பகுதியில் தீப்பிடித்தால், யாரும் போய் அணைக்க முடியாது என்பதே காரணம்.

போலியை கண்டுபிடிப்பது எப்படி?

* கையில் தூக்கிப் பாருங்க. 20,000 எம்ஏஹெச் என்று சொல்லிவிட்டு 150 கிராம்தான் இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்க. அந்த எடையில் அவ்வளவு மின்சாரத்தை அடைக்க முடியாது.
* இந்தியாவில் பவர் பேங்குக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.
* வாட் ஹவர் அச்சிடாததையும், எழுத்து அழிந்ததையும் வாங்காதீங்க. விமான நிலையச் சோதனையில் சிக்கல் வரலாம்.

உப்பினால் என்ன செய்யணும்?

பவர் பேங்க் உப்பியிருந்தாலோ, தொட முடியாத அளவு சுட்டாலோ உடனே பயன்பாட்டை நிறுத்துங்க. அழுத்தவோ, குத்தவோ கூடாது. வீட்டுக் குப்பையிலும் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்க. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால், இன்றோடு விட்டுடுங்க!