செட்டியார் தெருவின் மேலாள்

கொழும்புச் செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளின் முதலாளிகள் பலரும் கடலுக்கு அப்பால், காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களிலேயே வாசஞ்செய்தனர். அவர்களது ஸ்தானத்தில் இருந்து கடையை நிர்வகித்தவர் மேலாள். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு நியமனம் பெற்று, சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய அவர், தரையில் பாய் விரித்துக் கணக்குப் பெட்டியின் முன் அமர்ந்து பேரேடெழுதி, சிங்களத் தென்னந்தோட்டக்காரரோடும் முஸ்லிம் வியாபாரியோடும் ஆங்கிலேய பாங்கித் துரையோடும் அவரவர்க்கேற்ப வியவகாரம் பேசி, ஐந்தொகையைத் தாய்க்கடைக்கு அனுப்பிவைத்தார். அன்றாடம் தலையிடாமல் கணக்கை நுணுகி வாசித்த முதலாளியின் நம்பிக்கையை நான் மெய்யாகவே வியக்கிறேன். 1925இல் சில கடைகள் நொடிக்கவே, பாங்கிகள் இக்கடைகளுக்குக் கொடுத்துவந்த கடனை இறுக்கின. 1934இல் அமைந்த வங்கி விசாரணைக் கமிஷனைத் தொடர்ந்து, 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.